அண்ணியின் ஆறாத புண்

அந்தச் சாவி ஓர் உடைந்த மர அடிக்கோலின் துண்டில் சணலால் கட்டப்பட்டு, தலைமை எழுத்தரின் நாற்காலிக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கியது. அதை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். கல்லூரியில் சேருவதற்கான விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய கடிதத்தை அண்ணி தட்டச்சு செய்து தருவதாகச் சொல்லியிருந்தாள். அதை வாங்க அவளுடைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்திருந்த சமயம். வேங்கிக்கால் பக்கம் ஒவ்வொன்றாக அலுவலகங்கள் வந்துகொண்டிருந்தன. அண்ணி வேலை பார்த்தது ஒரு வாடகைக் கட்டடத்தில். நீளமான கூடம், வரிசையாக மேஜைகள், இருபது பேரில் பெண்கள் இரண்டே பேர், கொல்லைப்பக்கம் ஒரே ஒரு கழிப்பறை. சாலையில் போகிறவர்கள் நுழைந்துவிடுகிறார்கள் என்று அதைப் பூட்டியே வைத்திருந்தார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அண்ணியின் விரல்கள் பாதி வரியில் நின்றன. டைப்ரைட்டர் சத்தம் நின்றதும் நாலைந்து தலைகள் நிமிர்ந்தன. அண்ணி எழுந்து, அத்தனை மேஜைகளையும் தாண்டி, தலைமை எழுத்தரின் முன்னால் போய் நின்றாள். அவர் கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மறுபடியுமா மேடம்?" என்றார். யாரோ லேசாகச் சிரித்தார்கள். திரும்பி வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் என்னைப் பார்த்துச் சிரித்து, "எந்த வரியில விட்டேன் பாப்பா?" என்று கேட்டாள்.

அண்ணி செங்கம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். கடலைக்காய் பயிரிடும் குடும்பம். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் தட்டச்சு ஹையர் தேறிய முதல் பெண் அந்த ஊரில் அவள்தான். என் அண்ணன் அரசுப் பேருந்தில் கண்டக்டர். கோயிலின் பே கோபுரத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் நாங்கள் குடியிருந்தோம். மூன்று குடும்பங்களுக்கு ஒரே கழிப்பறை உள்ள வீடு. கல்யாணமாகி வந்த முதல் வருடத்திலேயே அண்ணிக்கு வயிற்றுத் தொல்லை தொடங்கிவிட்டது. ஒரு நாளைக்கு எட்டு முறை, பத்து முறை. யாரிடமும் சொல்லாமல் மறைத்துக்கொண்டு, அதற்கேற்றபடி தன் வாழ்க்கையை அவள் சுருக்கிக்கொண்டாள். காலையில் ஒரு வாய்கூடச் சாப்பிடமாட்டாள். மதியச் சாப்பாட்டை டப்பாவில் கொண்டுபோய் அப்படியே திருப்பிக் கொண்டுவந்து, அம்மா பார்ப்பதற்குள் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். மாலை வீடு திரும்பிய பிறகுதான் அவளுக்குச் சோறு. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் அவசரத்துக்கு ஒதுங்கக்கூடிய இடங்கள் எவை என்பது அவளுக்கு மனப்பாடம். எந்த லாட்ஜில் ஒரு பெண்ணைக் கேள்வி கேட்காமல் உள்ளே விடுவார்கள், எந்த ஓட்டலில் முகம் சுளிப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஊரே பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றியது. அண்ணி மட்டும் எதையாவது காரணம் சொல்லி வீட்டில் இருந்துவிடுவாள். பதினான்கு கிலோமீட்டர் வழியில் அவளுக்கு ஒதுங்க இடம் கிடையாது என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. பக்தி கம்மி என்று அம்மா நினைத்தாள்.

ரத்தம் போவதை அவள் முதலில் சொன்னது என்னிடம்தான். கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தோம். அவள் புடவையை நான் எடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். பிறகு குனிந்தபடியே, "அது வேற ரத்தம் பாப்பா, மாசாமாசம் வர்றது இல்ல" என்றாள். நான் பயந்துபோய் அம்மாவிடம் ஓடினேன். அம்மா கெட்டவள் இல்லை. அவளுக்குத் தெரிந்ததைச் செய்தாள். "உடம்பு சூடு ஜாஸ்தி, மூலம்" என்று சொல்லி, துத்தி இலையை வதக்கிக் கொடுத்தாள். கருணைக்கிழங்கு, வெந்தயம், நீர்மோர் என்று ஒன்றரை வருடம் ஓடியது. அந்தக் காலத்தில் அண்ணி பத்து கிலோவுக்கு மேல் இளைத்துவிட்டாள். ஒரு கர்ப்பம் கலைந்தது. அதற்குப் பிறகு அவளுக்குக் குழந்தை தங்கவே இல்லை.

ஒரு நாள் அலுவலகத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் அண்ணன் அவளை வேலூருக்கு அழைத்துப் போனான். துணைக்கு நானும் போனேன். அண்ணனுக்குத் தெரிந்த டிரைவர் ஓட்டும் பஸ். போளூர் தாண்டியதும் அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் எழுந்து போய் டிரைவரின் காதில் ஏதோ சொன்னான். ஒரு பம்ப் செட் கொட்டகை அருகே வண்டி நின்றது. அண்ணியும் நானும் இறங்கி வரப்பில் ஓடினோம். திரும்பி வரும்போது, "பஸ்ஸா, கட்ட வண்டியா இது? ஆஸ்பத்திரிக்கு டைமுக்குப் போவணும்" என்று ஓர் ஆள் கத்திக்கொண்டிருந்தார். அண்ணன் அவரிடம் சண்டைக்குப் போகவில்லை. "நாங்களும் அங்கதாங்க போறோம்" என்று மட்டும் சொன்னான். அந்த ஆள் அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் ஜன்னலோர இடத்தை விட்டு எழுந்துகொண்டார்.

குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் அம்மா, எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துப் பேசினார். "இது மூலம் இல்ல. பெருங்குடலோட உள்பக்கம் பூரா புண்ணா இருக்குது. நம்ம உடம்போட காவல்படையே நம்ம குடலைத் தாக்குது. அதுதான் இந்த அழற்சி. மாத்திரையில அடக்கி வைக்கலாம். நீங்க செஞ்ச தப்புனால வந்தது இல்லம்மா" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் அண்ணி அழுதுவிட்டாள். அத்தனை நாளும் அது தன் தப்பு என்றே அவள் நம்பியிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. டாக்டர் அம்மா இன்னொன்றும் சொன்னார். "எட்டு வருஷம், பத்து வருஷம்னு ஆனதுக்கப்புறம், நல்லா இருந்தாலும் வருஷா வருஷம் வந்து குழாய் விட்டுப் பாத்துக்கணும். மறந்துடாதீங்க." எட்டு வருடம் என்பது அன்றைக்கு எங்களுக்கு வெகு தொலைவாக இருந்தது.

மஞ்சள் மாத்திரைகளும், முகத்தைப் பூரி மாதிரி உப்பவைத்த வேறு மாத்திரைகளும் அண்ணியின் அலமாரியில் வரிசையாக நின்றன. சில மாதம் அடங்கும். பிறகு மறுபடி கிளம்பும். மூன்று நான்கு முறை அந்தக் குழாய்ப் பரிசோதனை நடந்தது. அதற்கு முந்தைய நாள் குடிக்க வேண்டிய உப்பு மருந்துதான் அவளுக்கு மிகப் பெரிய தண்டனை. குடித்துவிட்டு, மூன்று குடும்பத்துக்குப் பொதுவான அந்தக் கதவின் எதிரில் ஒரு முக்காலி போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தம்ளரோடும் பக்கெட்டோடும் காத்து நிற்பார்கள். "செத்துடலாம்போல இருக்குது பாப்பா" என்று ஒருமுறை சொன்னாள். நான் அப்போது உயிர்வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு அண்ணிதான் காரணம் என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை, கேட்க நன்றாக இருக்கும் என்பதால் சொன்னது. கிடைத்த பாடத்தில் சேர்ந்தேன், அவ்வளவுதான். ஆனால் பிறகு சென்னையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது, எதைப் பற்றி ஆராய்கிறாய் என்று கேட்ட இடத்தில் நான் குடலைத்தான் எழுதினேன். அதற்குக் காரணம் அண்ணிதான்.

அந்த ஆய்வுக்கூடத்தில் என் வேலை, நோயாளிகளின் குடலிலிருந்து எடுத்த மெல்லிய சதைச் சீவல்களுக்கு நிறமேற்றிப் பார்ப்பது. குடலின் உட்சுவர் ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. அதில் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான குழிகள் உண்டு. குழியின் அடியில் பிறக்கும் செல் மெல்ல மேலேறி வந்து, சில நாளில் உதிர்ந்துவிடும். அங்கே புண் பட்டால், காக்க வரும் வெள்ளணுக்கள் சுற்றியிருக்கும் செல்களுக்கு ரசாயனச் செய்தி அனுப்புகின்றன. சீக்கிரம் பெருகு, ஓட்டையை அடை என்பதே அந்தச் செய்தி. அது செல்லின் மேற்பரப்பில் இறங்கி, உள்ளே ஒரு புரதத்திடமிருந்து இன்னொரு புரதத்துக்குக் கைமாறிக்கொண்டே போகும். நான் கவனித்துவந்த புரதம் சாதாரண நாளில் இன்னொரு புரதத்தின் பிடியில் சும்மா கிடக்கும். செய்தி வந்ததும் பிடி விடும். அது உட்கருவுக்குள் போய், பெருகு, சாகாதே என்ற கட்டளைகளைத் திறந்துவிடும். புண் ஆறியதும் எல்லாம் அடங்கிவிட வேண்டும். அண்ணிக்கு இருந்தது போன்ற நோயில் அது அடங்குவதில்லை. வருடக்கணக்கில் செல்கள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு பிளவிலும் நகலெடுப்பதில் பிழை விழ இடமுண்டு. அழற்சியில் சுரக்கும் பொருட்களே மரபணுக்களைச் சிதைப்பதும் உண்டு. பிழைபட்ட செல் தானாகச் செத்துவிடுவதுதான் உடம்பின் நியதி. ஆனால் சாகாதே என்ற கட்டளை அதற்கும் சேர்த்துத்தான் ஒலிக்கிறது. "புண்ணை ஆத்த வந்த செய்தியேதான் புத்துநோய்க்கு எருவா மாறுது" என்று எங்கள் பேராசிரியை சொல்வார். நல்ல குடலில், அந்தப் புரதத்தைக் காட்ட நான் ஏற்றிய பழுப்பு நிறம் உட்கருவுக்கு வெளியே மங்கலாகப் பரவியிருக்கும். புண்ணான குடலில் உட்கருக்களே பழுப்புப் புள்ளிகளாகக் கருத்து நிற்கும். வலியே இல்லை என்று சொன்ன நோயாளிகளின் குடலிலும் அந்தப் புள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். வலி நின்றுவிட்டது என்பதற்காகச் செய்தி நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. இதை நான் அறிந்திருந்தேன் என்பதை இங்கே எழுதி வைக்க வேண்டும்.

ஆராய்ச்சியில் இருந்த ஒரு வருடம் பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது அண்ணி வேறு ஆளாக இருந்தாள். கன்னத்தில் சதை வைத்திருந்தது. ஏழெட்டு மாதமாகத் தொல்லையே இல்லை, மாத்திரையைக்கூடக் குறைத்துவிட்டேன் என்றாள். மறுநாள் விடியும்போது என்னை எழுப்பி, "பாப்பா, மலை சுத்திட்டு வரலாமா? நீ கூட வந்தா தைரியமா இருக்கும்" என்றாள். பௌர்ணமி இல்லாததால் கூட்டமில்லை. கோபுர வாசலில் கற்பூரம் ஏற்றிவிட்டு, வெறுங்காலோடு செங்கம் சாலையில் நடந்தோம். ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் சிலர் போர்வை போர்த்திக்கொண்டு எங்களைக் கடந்து போனார்கள். முதல் ஒரு மணி நேரம் அண்ணியின் கண் இரண்டு பக்கமும் புதர்களையும் சுவர்களையும் அளந்துகொண்டே வந்தது. பழக்கம். பிறகு எப்போதோ அது நின்றுவிட்டது. மலை வலப்பக்கத்தில் மெல்லத் திரும்பித் திரும்பி வேறு வேறு முகம் காட்டியது. அண்ணி தன் ஊரில் கடலைக்காய் பறிக்கும் நாட்களைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அடியண்ணாமலையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். வெளியில் போனால் எதையும் வாயில் வைக்காதவள், டீயும் பன்னும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். "ரெண்டு மணி நேரமா வயித்தப் பத்தி நெனைக்கவே இல்ல பாப்பா. கல்யாணம் ஆனதுலேருந்து இப்பதான்" என்றாள். பிறகு கைப்பையிலிருந்து ஓர் அஞ்சலட்டையை எடுத்து நீட்டினாள். வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. குடல் பரிசோதனைக்கு வர வேண்டிய தவணை கடந்துவிட்டது, அவசியம் வரவும் என்று இரண்டே வரி. "போவணுமா? நீதான் இதப் படிக்கிறியே, சொல்லு. அந்த உப்பு மருந்த நெனச்சாலே கொமட்டுது. இப்பதான் நல்லா இருக்கேன்."

நான் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மனத்துக்குள் கணக்குப் போட்டேன். நோய் தொடங்கிப் பத்து வருடம் ஆகியிருந்தது. பழுப்புப் புள்ளிகள் நினைவுக்கு வந்தன. பேராசிரியை சொன்னது நினைவுக்கு வந்தது. எதிரில் அண்ணி விரலில் ஒட்டியிருந்த பன் துணுக்கை நக்கிக்கொண்டு, பதிலுக்காக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. "இப்ப நல்லாத்தானே இருக்கீங்க அண்ணி. இந்த வருஷம் போகட்டும், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. "அப்பாடா" என்று சொல்லி அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மீதி வழியை எனக்கு முன்னால் நடந்தாள்.

அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம். வீட்டில் யாரும் வேலூரைப் பற்றிப் பேசவில்லை, நானும் நினைவூட்டவில்லை. அதற்கடுத்த ஆடி மாதம் அண்ணிக்கு வயிறு உப்ப ஆரம்பித்தது. இந்தத் தடவை வயிற்றுப்போக்கு இல்லை, மலம் போகவே இல்லை. மூன்றாம் நாள் வாந்தி எடுத்தபடி வேலூருக்குக் கொண்டுபோனார்கள். பெருங்குடலில் சுவரோடு சுவராகப் படர்ந்த புற்று, வழியை அடைத்திருந்தது. ஈரலிலும் நான்கைந்து இடத்தில் பரவியிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அறுவை சிகிச்சை முடிந்து, மலம் வெளியேற வயிற்றில் துளையிட்டுப் பை பொருத்தியிருந்தார்கள். பழைய டாக்டர் அம்மா நோயாளிச் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நடுவுல ரெண்டு வருஷம் வரலையேம்மா" என்றார். யாரையும் குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுடைய குடலின் சீவலைக் கேட்டிருந்தால் எனக்குக் காட்டியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அண்ணி அதற்குப் பிறகு ஒன்பது மாதம் இருந்தாள். விடுப்பு முடிந்ததும், வேண்டாம் என்று எல்லோரும் சொல்லியும், பையோடு மூன்று மாதம் வேலைக்குப் போனாள். நான் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையை மாற்ற அவளுக்கு உதவிக்கொண்டிருந்தேன். தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொல்லிவிட்டு, திடீரென்று சிரித்தாள். "இப்ப யார்கிட்டயும் சாவி கேக்கறதில்ல பாப்பா. காலையில ரெண்டு இட்லி சாப்டுட்டுப் போறேன்" என்றாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த அறையில் அவளோடு தனியாக இருந்த எத்தனையோ மணி நேரத்தில், டீக்கடையில் சொன்ன பதிலுக்காக மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும், நோயாளி மனம் நோகக்கூடாது என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். அவளும் அந்த அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. சித்திரையில், வெயில் ஏறிய ஒரு முற்பகலில், அண்ணன் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள். அவளுக்கு முப்பத்து நான்கு வயது.

நான் ஆராய்ச்சியை முடித்தேன். அழற்சியின் செய்தி எப்படி நிற்காமல் ஓடுகிறது என்பதைப் பற்றிப் பல கூட்டங்களில் படம் போட்டுப் பேசியிருக்கிறேன். கேட்கிறவர்கள் கை தட்டுவார்கள். அந்தத் தட்டல் அடங்கும் நேரத்தில் அடியண்ணாமலை டீக்கடைதான் எனக்கு நினைவுக்கு வரும். ஆறு வருடம் கழித்து, அண்ணியின் திதிக்குப் போயிருந்தபோது, அதற்கு மேல் தாங்க முடியாமல் அண்ணனிடம் சொன்னேன். சாப்பாடு முடிந்து அவன் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, அண்ணிக்கு ஒரு கார்டு வந்துச்சு. செக்கப்புக்கு வரச் சொல்லி. என்கிட்டக் கேட்டாங்க. நான்தான் வேணாம்னு சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன்."

அண்ணன் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "தெரியும்" என்றான். "மலை சுத்திட்டு வந்ததும் வராததுமா சொல்லிட்டா. பாப்பாவே வேணாம்னுட்டான்னு குதிச்சுக்கினு வந்தா. எனக்கும் அது சவுகரியமாத்தான் இருந்துச்சு. அந்த மருந்தக் குடிச்சிட்டு அவ அழுவறதப் பாக்க வேணாம்னு நானும் வுட்டுட்டேன்."

"என் மேல கோவம் இல்லியா?"

அவன் டிக்கெட் பையைத் தோளில் மாட்டி, வாரைச் சரிசெய்தான். "இருந்துச்சு. ரொம்ப நாள் இருந்துச்சு. இப்பவும் சில நாள் வருது" என்றான். பிறகு முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தான். "ஆனா அந்த ரெண்டு வருஷம் அவ நிம்மதியா இருந்தா பாப்பா. சினிமாவுக்குப் போனோம். அவ ஊர்த் திருவிழாவுக்குப் போனோம். அத நீ குடுத்ததா நெனச்சு நான் எடுத்துக்கிறேன். மத்தது என்னால தூக்க முடியாது. அத நீதான் வச்சுக்கணும்."

சொல்லிவிட்டு, போளூர் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று படியிறங்கிப் போனான். அவன் பேச்சில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. இருந்ததை இரண்டாகப் பிரித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். என் பங்கை இன்றுவரை நான் வேறு யாரிடமும் இறக்கி வைத்ததில்லை. வைக்கவும் கூடாது.